டார்க்கான சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் பாக்குறது எப்படி: எதுல ஆரம்பிக்கணும், யாரு கூட பாக்கணும், எப்ப நிறுத்தணும்

டார்க்கான சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் பாக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா எங்க இருந்து ஆரம்பிக்கன்னு தெரியலன்னு கேக்குறவங்களுக்காக இத எழுதுதேன். முக்கியமா நம்ம திருநெல்வேலி பக்கத்து ஆளுங்களுக்கு, பாளை, டவுண், அம்பை, வள்ளியூர்னு எங்க இருந்தாலும் சரி. நெறைய பேரு என்ன செய்தாங்கன்னா, யாரோ சொன்னாங்கன்னு பிளாக் மிரர் முதல் சீசன் முதல் எபிசோட வீட்டு ஹால்ல பெரிய டிவில போட்டுருதாங்க, அம்மை பக்கத்துல இருக்காவ, தங்கச்சி இருக்கா, பத்து நிமிசத்துல ரிமோட் எங்கன்னு தேட வேண்டியதாயிருது, அதோட இந்த வகையே நமக்கு ஆவாதுன்னு மூடி வச்சிருதாங்க. 2011ல இங்கிலாந்து சேனல் 4ல வந்த எபிசோட் அது, இளவரசிய கடத்திட்டு பிரதமர் கிட்ட ஒருத்தன் கேக்குற விஷயத்த சபையில சொல்ல முடியாது. நல்ல எபிசோட்தான், ஆனா வீட்டுக்குள்ள நுழையிற வாசல் அது இல்ல.

வாசல் எதுன்னா ட்வைலைட் ஸோன். 1959ல ஆரம்பிச்ச கருப்பு வெள்ளை சீரிஸ், ராட் செர்லிங்னு ஒருத்தர் உருவாக்குனது, பெரும்பாலும் எபிசோட் ஒண்ணுக்கு அரை மணி நேரம் கூட வராது, ஒவ்வொண்ணும் தனி கதை. பழசுன்னு ஒதுக்கிராதீங்க. இவரு எதுக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு வந்தாருங்கறத தெரிஞ்சுகிட்டு பாத்தா எல்லாமே வேற மாதிரி தெரியும். 1955ல அமெரிக்காவுல எம்மெட் டில்னு 14 வயசு கருப்பின பையன கொன்னுட்டாங்க, கொன்னவங்கள கோர்ட்டு விட்டுருச்சு, இவரு அத வச்சு ஒரு டிவி நாடகம் எழுதுனாரு, விளம்பரம் குடுக்குற கம்பெனிங்களும் சேனலும் சேந்து அத மாத்தி மாத்தி, கடைசில எந்த ஊரு எந்த சனம்னே தெரியாத அளவுக்கு ஆக்கிட்டாங்க. நேரா சொன்னா விடமாட்டாங்கன்னு ஆனதுக்கு அப்புறம்தான் அவரு வேத்து கிரக ஆளுங்கள வச்சு அதையே சொல்ல ஆரம்பிச்சாரு. ஆக, இந்த வகையில இருட்டு வந்து சேந்ததே உண்மைய சொல்லத்தான். பயம் காட்டுறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்ல பாக்க வேண்டியது 1960ல வந்த மேப்பிள் ஸ்ட்ரீட் எபிசோட். ஒரு தெருவுல திடீர்னு கரண்ட் போவுது, காரு ஸ்டார்ட் ஆவல, ஃபோன் வேல செய்யல. ஒரு சின்னப் பையன், வேத்து கிரகத்துக்காரங்க வர்றதுக்கு முன்ன மனுசங்க மாதிரியே இருக்க ஒரு குடும்பத்த அனுப்பி வைப்பாங்கன்னு கதைல படிச்சத சொல்லுதான். அவ்வளவுதான். ஒருத்தன் காரு மட்டும் தானா ஸ்டார்ட் ஆவுது, எல்லாரும் அவன பாக்காங்க. அவனே ராத்திரி தூக்கம் வராம வாசல்ல நின்னு வானத்த பாப்பானாம், அதுவும் சந்தேகம் ஆவுது. அது வரைக்கும் ஒண்ணா ஐஸ்க்ரீம் வாங்கிக்கிட்டு நின்ன தெரு, அன்னைக்கு ராத்திரியே துப்பாக்கி எடுத்துருது. நம்ம தெருவுல கரண்ட் போனா எல்லாரும் தார்சாவுல வந்து உக்காந்து பேசுவோம்லா, அந்தப் பேச்சு எந்த நிமிசத்துல திரும்புதுன்னு கவனிச்சு பாருங்க. இத வீட்டோட பாக்கலாம், சின்னப் புள்ளைங்க தவிர எல்லாரும் பாக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாரேன். டார்க் சீரிஸ் பாக்கும்போது கையில ஒரே ஒரு கேள்விய வச்சுக்கோங்க, யார காப்பாத்த யார விடுதாங்க, அந்த முடிவ எடுக்குறது யாரு? ரத்தம், பேய் மாதிரி உருவம், இருட்டு ரூம் இதெல்லாம் மேலாக்க இருக்குறது. அடியில எப்பவும் ஒரு கணக்கு ஓடிக்கிட்டு இருக்கும், யாரோ யாரையோ அந்தக் கணக்குல இருந்து கழிச்சுக்கிட்டே இருப்பாங்க. அத புடிச்சுட்டீங்கன்னா எந்த சீரிஸும் உங்கள சும்மா மிரட்டிட்டு போவ முடியாது, மிரட்ட மட்டுமே தெரிஞ்ச சீரிஸும் உடனே வெளுத்துரும்.

இந்த கணக்க கண்ணு முன்னாடியே போர்டுல எழுதிக் காட்டுறது பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. 1978ல ஒண்ணு வந்துச்சு, நான் சொல்றது ரொனால்ட் மூர் 2003ல மறுபடி எடுத்து 2009 வரைக்கும் ஓடுனது. மனுசங்களே செஞ்ச ரோபோ இனம் திரும்பி வந்து எல்லா கிரகத்தையும் அழிச்சுருது, கப்பல்ல தப்புனவங்க கிட்டத்தட்ட அம்பதாயிரம் பேரு, அவ்வளவுதான் மிச்ச மனுச இனம். முதல் சீசன் முதல் எபிசோட் பேரே முப்பத்தி மூணு, ஏன்னா 33 நிமிசத்துக்கு ஒரு தடவ எதிரி வந்துருதான், இவங்க ஒவ்வொரு தடவையும் தாவி ஓடணும், அஞ்சு நாளா யாரும் தூங்கல. அதுல பிரசிடெண்ட் ரோஸ்லின் அம்மா ரூம்ல ஒரு வெள்ள போர்டு இருக்கும், அதுல உயிரோட இருக்குறவங்க எண்ணிக்கை. ஒவ்வொரு தடவையும் அழிச்சு அழிச்சு கம்மி பண்ணி எழுதுவாங்க. நடுவுல ஆயிரத்து முன்னூறு பேருக்கு மேல இருக்க ஒரு பயணிகள் கப்பல் மேல சந்தேகம் வருது, எதிரி இத வச்சுத்தான் பின்னாடியே வாரானோன்னு, அத சுட்டு வீழ்த்தலாமா வேண்டாமான்னு முடிவு எடுக்கணும். சன்னல்ல ஆள் இருக்கா இல்லையான்னு தெளிவா காட்ட மாட்டாங்க. கடைசில ஒரு குழந்தை பொறந்த சேதி வரும், ரோஸ்லின் எழுந்து போய் போர்டுல இருக்க நம்பர்ல ஒண்ண கூட்டுவாங்க. எபிசோட் முழுக்க கழிச்சுட்டு கடைசில ஒரே ஒண்ணு கூட்டுறாங்க பாருங்க, அந்த ஒண்ணுக்காக நான் இத யாரு கேட்டாலும் பாருன்னுதான் சொல்லுதேன்.

இதே சீரிஸ் மூணாவது சீசன் ஆரம்பத்துல, 2006ல, மனுசங்க எதிரியோட பிடியில ஒரு கிரகத்துல மாட்டிக்கிட்டு தற்கொலைப் படையா மாறுறத காட்டுனாங்க, அப்ப அமெரிக்கப் படை ஈராக்ல இருக்கு, அமெரிக்க டிவியிலேயே இது வந்துச்சு. நம்ம மனசு யாரு பக்கம் சாயுதுன்னு பாத்து நாமளே திடுக்குன்னு ஆவோம். 2009 மார்ச்ல ஐநா சபை இந்த சீரிஸ்காரங்கள நியூயார்க்குக்கு கூப்பிட்டு மனித உரிமை பத்தி ஒரு கலந்துரையாடலே நடத்துனாங்க.

இதுக்கு அடுத்த படி கொஞ்சம் செங்குத்து. டார்ச்வுட் சீரிஸ்ல மூணாவது சீசன், சில்ட்ரன் ஆஃப் எர்த், 2009 ஜூலைல பிபிசி அஞ்சு ராத்திரி தொடர்ந்து போட்டது, மொத்தமே அஞ்சு எபிசோட். வேத்து கிரகத்துல இருந்து ஒண்ணு வந்து உலகத்து குழந்தைங்கள்ல பத்து சதவீதம் குடுன்னு கேக்குது. இதுல பயங்கரம் அது இல்ல. நாலாவது எபிசோட்ல மந்திரிங்க எல்லாம் ஒரு மேசைய சுத்தி உக்காந்து எந்தக் குழந்தைங்கள குடுக்கலாம்னு பேசுவாங்க, தண்ணி கிளாஸ் இருக்கு, ஃபைல் இருக்கு, யாரும் கத்தல, குலுக்கல் முறையான்னு கேட்டா எங்க வீட்டுப் புள்ளைங்க அதுல வராதுல்லான்னு உறுதி பண்ணிக்கிடுதாங்க, அப்புறம் ஒரு அம்மா நிதானமா சொல்லுவா, ஸ்கூல் ரிசல்ட் பட்டியல்ல கடைசில இருக்க பள்ளிக்கூடங்கள்ல இருந்து எடுக்கலாம், அந்தப் புள்ளைங்க எப்படியும் பெருசா ஒண்ணும் ஆவப் போறதில்லன்னு. இந்த சீன் வரும்போது பாஸ் பண்ணாதீங்க, முழுசா பாருங்க. ரிசல்ட் வந்த மறுநாள் எந்த ஸ்கூல் எத்தன சதவீதம்னு பேப்பர்ல பாத்து, கடைசில இருக்க பள்ளிக்கூடத்து புள்ளைங்கள நாம என்ன சொல்லுதோம்? கைக்குழந்தை இருக்கவங்க, குழந்தைய இழந்தவங்க இத பாக்க வேண்டாம், கதைய யார்ட்டயாவது கேட்டு தெரிஞ்சுக்கோங்க, அது போதும்.

கொல நடக்கணும் ரத்தம் தெரியணும்னு இல்லாம இருட்ட காட்டுறதுல கெட்டி ஸ்டார் ட்ரெக் டீப் ஸ்பேஸ் நைன், 1993ல இருந்து 1999 வரைக்கும் வந்தது. ஏழு சீசன் பாக்க நேரமில்லன்னா ரெண்டு எபிசோட் மட்டும் பாருங்க. டூயட், 1993. பழைய வதை முகாம் அதிகாரின்னு ஒருத்தன புடிச்சு விசாரிக்காங்க, அந்த முகாம்ல கஷ்டப்பட்ட இனத்து பொம்பளதான் விசாரிக்கா, அவன் யாருங்கறது மெல்ல மெல்ல வெளிய வருது, மேற்கொண்டு சொல்ல மாட்டேன். இன்னொண்ணு இன் தி பேல் மூன்லைட், 1998. போர்ல தோத்துக்கிட்டு இருக்க தளபதி சிஸ்கோ, வேற ஒரு பேரரச தன் பக்கம் இழுக்க ஒரு பொய்யில ஆரம்பிக்காரு, பொய் லஞ்சம் ஆவுது, லஞ்சம் கொலையில போய் முடியுது. அத அவரே நம்ம மூஞ்சிய பாத்து சொல்லுதாரு, இதோட என்னால வாழ முடியும்னு திரும்ப ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதாரு, அப்புறம் பதிவு பண்ணது எல்லாத்தையும் அழிச்சுரச் சொல்லுதாரு. பாத்து முடிச்சதும் கூட இருக்கவங்க கிட்ட அவரு செஞ்சது சரியான்னு கேளுங்க. எங்க செட்டுல ஒரு அண்ணாச்சி, ரிட்டயர் ஆன வாத்தியாரு, "வே, போரு ஜெயிச்சுட்டுல்லா, பொறவு என்ன"ன்னு சொல்ல, அவரு மருமவன் "மாமா, செத்தவன் யாரு கணக்குல எழுதுவீய"ன்னு கேக்க, டீ ஆறுற வரைக்கும் பேச்சு ஓயல. இந்தப் பேச்சுக்காகத்தான் தனியா பாக்காதீங்கன்னு சொல்லுதேன்.

அடுத்த விஷயம், பாத்தத ஊருக்கு கொண்டு வாங்க. அமெரிக்கா, லண்டன், விண்வெளின்னு அங்கேயே விட்டுட்டா பாதி கதைதான் பாத்தீங்கன்னு அர்த்தம். 1999 ஜூலை 23, மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளிங்களுக்காக நடந்த ஊர்வலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்தப்ப தடியடி நடந்து, தாமிரபரணில விழுந்து 17 பேரு செத்தாங்க, அதுல ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. கூலிய கூட்டிக் குடுங்கன்னு கேக்க வந்த சனம். கொக்கிரகுளம் பாலத்து மேல தினமும் பைக்ல போறவங்களுக்கு அந்த வெள்ள போர்டு என்னன்னு நான் விளக்க வேண்டியதில்ல.

லெய்லாவும் அப்படித்தான். 2019ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த இந்திய சீரிஸ், ஆறு எபிசோட், தீபா மேத்தாவும் இன்னும் ரெண்டு பேரும் டைரக்ட் பண்ணது. ஆர்யவர்த்தான்னு ஒரு நாடு, ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி செவுரு, தண்ணி காசுள்ளவனுக்கு, மதம் மாறி கல்யாணம் பண்ணவளோட குழந்தைய பறிச்சுட்டு போயிருதாங்க, அவ தேடுதா. ரொம்ப மிகைப்படுத்தி எடுத்துருக்காங்கன்னு சில பேரு எழுதுனாங்க, நமக்கு அப்படி தோணாது. ஸ்கூல் பையன் கையில என்ன கலர் கயிறு கட்டிருக்கான்னு பாத்து சாதிய தெரிஞ்சுக்கிடுற ஊருல இருக்கோம், நாங்குநேரில 2023ல படிக்கிற புள்ளைய வீடு புகுந்து வெட்டுனதும் கூடப் படிச்ச பயலுவதான். அதுக்கு அப்புறம் அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024ல அந்தக் கயிற தடை பண்ணச் சொல்லி அறிக்கையே குடுத்தாங்க. லெய்லாவுல இருக்க செவுரு கான்கிரீட்ல இருக்கு, அது ஒண்ணுதான் வித்தியாசம். ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் பாக்குறவங்களும் ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, அந்த நாவல 1985ல எழுதுன மார்கரெட் அட்வுட், சரித்திரத்துல எங்கயுமே நடக்காத எதையும் உள்ள வைக்கலன்னு சொல்லிருக்காங்க.

கொஞ்சம் மூச்சு விட்டு பாக்கணும்னா தி எக்ஸ்பான்ஸ், 2015ல இருந்து ஆறு சீசன். பூமி, செவ்வாய், ரெண்டுக்கும் வெளிய சிறுகோள் பட்டையில (பெல்ட்) பொறந்து வளந்து கூலி வேல பாக்குற பெல்ட்காரங்க. சனி கிரகத்து வளையத்துல இருந்து ஐஸ வெட்டி கொண்டாறதுதான் முதல் எபிசோட் கப்பலோட வேல, ஆனா அந்த சனத்துக்கு தண்ணியும் காத்தும் ரேஷன். ஒரு நாள் எங்க ஆச்சி பக்கத்துல பூ கட்டிக்கிட்டு இருந்தாவ, இங்கிலீஷ் தெரியாது, நான்தான் நடு நடுவுல கதைய சொல்லிக்கிட்டு இருந்தேன். "எய்யா, தண்ணி கொண்டாறவனுக்கே தண்ணிய அளந்துதான் ஊத்துவாவளா?"ன்னு கேட்டாவ. ஆமா ஆச்சின்னேன். "அப்பம் சண்ட வரத்தான செய்யும்"னுட்டு அடுத்த கண்ணிய கட்டுனாவ. அந்த சீரிஸோட ஆறு சீசனும் அந்த ஒரு வரிக்குள்ள இருக்கு. ஆத்துத் தண்ணிய கம்பெனிக்கு குடுக்கக் கூடாதுன்னு கேஸ் நடத்துன ஜில்லா நம்மளது, அதனால பெல்ட்காரன் கோவம் நமக்கு சப்டைட்டில் இல்லாமலே புரியும்.

டார்க்னு பேரே வச்ச ஜெர்மன் சீரிஸ் 2017ல இருந்து 2020, மூணு சீசன், 26 எபிசோட். இத பாக்க ஒரு நோட்டும் பேனாவும் வேணும், நெசமாத்தான் சொல்லுதேன். நாலு குடும்பம், 33 வருச இடைவெளில 1953, 1986, 2019னு காலம் தாவுது, ஒரே ஆள வேற வேற வயசுல வேற வேற நடிகருங்க பண்ணுதாங்க. முதல் எபிசோட்ல இருந்தே யாரு யாருக்கு மவன், யாரு யாருக்கு பேத்தின்னு கோடு போட்டு எழுதிக்கிட்டே வாங்க, சொந்தத்துக்குள்ளயே பொண்ணு எடுத்து பொண்ணு குடுத்த குடும்பத்துல வளந்தவங்களுக்கு இது மத்தவங்கள விட சுளுவாத்தான் வரும். இங்கிலீஷ் டப்பிங் வேண்டாம், ஜெர்மன் ஆடியோல சப்டைட்டில் போட்டு பாருங்க, அந்தக் குரல்கள்ல இருக்க சோர்வு டப்பிங்ல போயிருது. ஊரே ஒரு அணு உலைய நம்பி இருக்கு, உள்ள என்னமோ மறைக்காங்க, எல்லாருக்கும் லேசா தெரியும், யாரும் பேச மாட்டாங்க. கூடங்குளம், இடிந்தகரை பக்கத்து ஆளுங்க இத எப்படி பாப்பாங்கன்னு எனக்கு கேக்க ஆசை. 1988ல ஒப்பந்தம் போட்டு 2013ல கரண்ட் வந்த உலை அது, அந்த இருவத்தஞ்சு வருசத்துல ஒரு தலைமுறையே வளந்துருச்சு, வேல வந்துச்சுன்னு சொல்றவங்களும் பயத்தோட இருக்கவங்களும் ஒரே வீட்டுல இருக்காங்க.

தமிழ்ல இதெல்லாம் இல்லையான்னு கேட்டா, சுஜாதாவோட என் இனிய இயந்திரா விகடன்ல தொடரா வந்து தூர்தர்ஷன்லயும் சீரியலா வந்துச்சு. ஜீனோன்னு நாய் ரோபோவ மட்டும் ஞாபகம் வச்சுருக்கோம், ஆனா அதுல குழந்தை பெத்துக்க அரசாங்கம் பர்மிஷன் குடுக்கணும், தலைவர் ஜீவாவ யாரும் கேள்வி கேக்கக் கூடாது. சீரியல் கைக்கு கிடைக்கலன்னா புஸ்தகத்த எடுத்து இந்தக் கண்ணோட திரும்ப படிங்க.

பிளாக் மிரருக்கு இப்ப திரும்பி வரலாம், இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு அது தாங்கும். வரிசையா பாக்க வேண்டிய அவசியமே இல்ல, எல்லாம் தனித்தனி கதை. 2013ல வந்த பி ரைட் பேக் முதல்ல, ஒருத்தியோட காதலன் செத்துட்டான், அவன் ஆன்லைன்ல எழுதுனது பேசுனது எல்லாத்தையும் வச்சு அவன மாதிரியே பேசுற ஒண்ண அவ வாங்குதா. செத்தவங்க வாய்ஸ் மெசேஜ அழிக்க மனசு வராம வச்சுருக்கவங்க ஒவ்வொரு வீட்டுலயும் இருக்காங்க. அடுத்து 2025ல வந்த காமன் பீப்பிள், பொண்டாட்டி மூளை மாச சந்தாவுல ஓடுது, கட்டுன ப்ளான் பத்தலன்னா அவ வாயில விளம்பரம் வருது, புருசன் ஓவர்டைம் பாத்து பாத்து பணம் கட்டுதான். ஆஸ்பத்திரி செலவுக்கு நகைய அடகு வச்ச யாரும் அத முழுசா பாத்து முடிக்க கொஞ்சம் நேரம் ஆவும். இத ரெண்டையும் பாத்துட்டு அன்னைக்கே 2016ல வந்த சான் ஜுனிபெரோவையும் பாருங்க, அதுவும் பிளாக் மிரர்தான், ஆனா அதுல மனசு கொஞ்சம் ஆறும்.

எப்படி பாக்கணும்ங்கறது. ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோட், ரொம்ப போனா ரெண்டு. அடுத்த எபிசோட் தானா ஓடுற செட்டிங்க ஆஃப் பண்ணிருங்க, ஏன்னா கடைசி சீன் மனசுல இறங்குறதுக்குள்ள அடுத்த கதை வந்து ஏறிருது. புள்ளைங்க இருக்க வீட்டுல 2021 விதிப்படி ஓடிடில போட்டுருக்க வயசு குறியீட்ட பாருங்க, யுஏ 13+, யுஏ 16+, 'ஏ' (பெரியவங்களுக்கு மட்டும்) அப்படின்னு இருக்கும், பக்கத்துலயே வன்முறையா வேற எதுவுமான்னு போட்டுருக்கும், 13+க்கும் அதுக்கு மேல உள்ளதுக்கும் லாக் போடுற வசதி கண்டிப்பா இருக்கணும், அத போட்டு வச்சுருங்க. அது பத்தலன்னா ஐஎம்டிபிங்கற சினிமா வெப்சைட்டுல ஒவ்வொரு சீரிஸுக்கும் பேரண்ட்ஸ் கைடுன்னு ஒரு பகுதி இருக்கு, எந்த மாதிரி காட்சி வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். பாலியல் கொடுமை, தற்கொலை இந்த ரெண்டும் இருக்கான்னு மட்டுமாவது பாத்துட்டு மத்தவங்கள கூப்பிடுங்க, கூட உக்காந்து பாக்குறவங்க என்னத்த தாண்டி வந்தவங்கன்னு நமக்கு எல்லா நேரமும் தெரியாது.

நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. ராத்திரி தூக்கம் கெட்டு மறுநாள் வேலையில மனசு ஓடலன்னா நிறுத்துங்க. வீட்டுல சாவு விழுந்த சமயம், வெள்ளம் வந்து போன சமயம் இதெல்லாம் எடுக்காதீங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் உலகம் அழியிற கதைய எங்க செட்டுல யாரும் போடல, யாரும் கேக்கவும் இல்ல. அதவிட முக்கியமா, ஸ்க்ரீன்ல ஆளுங்க சாவுறது பாத்து பழகி எதுவுமே தோணாம போச்சுன்னா அப்பவும் நிறுத்துங்க, கொஞ்ச நாள் விட்டுட்டு வாங்க.

பேட்டில்ஸ்டார் ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு, 2003ல வந்த மினி சீரிஸ் தனி, முதல் சீசன் தனி, ஆப்புல ரெண்டும் வேற வேற இடத்துல கெடக்கலாம், மினி சீரிஸ தேடி எடுத்து முதல்ல பாத்துட்டு அதுக்கு அப்புறம் முப்பத்தி மூணுக்கு வாங்க, இல்லன்னா அந்த போர்டுல முதல் நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னே புரியாது.